நாக்குல வலிக்காத உருண்டை இருந்தா என்ன செய்யணும்: நரம்பு உறை கட்டி பத்தி தம்பி விஷயத்துல நாங்க கத்துக்கிட்டது

தீபாவளிக்கு முன்னாடி, மலேசியாவுல பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்துல எங்க குசினியில அம்மா முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தாங்க. தம்பி ஒண்ணு எடுத்து கடிச்சவன் அப்படியே நிறுத்திட்டு "அக்கா, நாக்கு ஓரத்துல என்னமோ உருண்டையா இருக்கு, கடிக்கும்போதெல்லாம் பல்லுல தட்டுது"ன்னான். ஜன்னல் பக்கம் கூட்டிட்டு போய் போன் லைட்டை அடிச்சு பாத்தேன். வலது பக்கம், ஓரத்துலேர்ந்து கொஞ்சம் உள்ளே, பச்சை பட்டாணி அளவு ஒரு மேடு. மேல தோல் நாக்கு கலர்லயே இருந்துச்சு, புண் இல்ல, ரத்தம் இல்ல, வலிக்குதாடான்னா இல்லங்கறான். எத்தனை நாளாடான்னு கேட்டா "நாலஞ்சு மாசம் இருக்கும்"ங்கறான், எனக்கு வயித்தை கலக்கிடுச்சு, ஏன்னா எங்க பாட்டிக்கு கன்னத்துல வந்ததும் முதல்ல வலிக்கல, அது கேன்சர்.

தம்பிக்கு வந்தது கேன்சர் இல்ல. அதுக்கு பேரு ஷ்வானோமா, நரம்பு மேல இருக்குற உறையிலேர்ந்து வளர்ற சாதுவான கட்டி. ஆனா அந்த பேரு கையில கிடைக்கறதுக்குள்ள நாங்க பட்ட பாட்டுல பாதி தேவையே இல்லாதது, என்ன பாக்கணும் எங்க போகணும் என்ன கேக்கணும்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு மாசம் வீணாகியிருக்காது. வேற யாராவது வீட்டுல இப்படி ஒரு உருண்டையை வெச்சுக்கிட்டு தூக்கம் இல்லாம இருந்தா அவங்களுக்குதான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, கூட போன அக்கா. டாக்டருங்க சொன்னதையும் அப்புறம் நான் தேடிப் படிச்சு உறுதி பண்ணிக்கிட்டதையும் மட்டும்தான் சொல்றேன்.

முதல்ல வீட்டுலயே ஒழுங்கா பாருங்க. கையை சோப்பு போட்டு கழுவிட்டு, பொய்ப்பல் இருந்தா கழட்டிட்டு, கண்ணாடி முன்னாடி நல்ல வெளிச்சத்துல நில்லுங்க. நாக்கு வழுக்கும், வெறும் கையில பிடிக்க முடியாது, அதனால சுத்தமான காஸ் துணியோ கைக்குட்டையோ வெச்சு நுனியைப் பிடிச்சு மெதுவா வெளிய இழுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பணும். ஓரம் ரெண்டும், அடிப்பக்கம், வாய் அடித்தளம், கன்னம் உள்பக்கம், உதடு உள்பக்கம், மேலண்ணம் எல்லாத்தையும் பாருங்க. கட்டியை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு லேசா தொட்டு பாக்கலாம், ஆனா பிதுக்காதீங்க, ஊசியால குத்தாதீங்க, கடிச்சு எடுக்கலாம்னு நினைக்காதீங்க. பள்ளிக்கூட ரூலர் ஒண்ணை கழுவி பக்கத்துல பிடிச்சு போட்டோ எடுத்து தேதியோட வெச்சுக்கோங்க. நான் எடுத்த முதல் போட்டோவுல 8 மில்லிமீட்டர், ரெண்டு மாசம் கழிச்சு எடுத்ததுலயும் அதே 8 தான். பின்னால ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் அந்த ரெண்டு போட்டோவையும்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க.

பயப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு, வாய்க்குள்ள இயற்கையாவே இருக்குற மேடுங்க நிறைய. நாக்கோட பின்பக்கம் வரிசையா பெரிய பெரிய மொட்டு மாதிரி இருக்கும், அது எல்லாருக்கும் உண்டு, சுவை தெரியறதுக்கு இருக்குறது. நாக்கோட பின் ஓரத்துல மடிப்பு மடிப்பா இருக்குறதும் அப்படித்தான். மேலண்ணத்துக்கு நட்ட நடுவுல எலும்பு மாதிரி கெட்டியா ஒரு மேடு நம்மள்ல பல பேருக்கு இருக்கும், எலும்புதான் அது, ஒண்ணும் பண்ண வேணாம். இன்னொரு பக்கத்துல இருக்கான்னு ஒப்பிட்டு பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா பெரும்பாலும் அது உங்க உடம்பு அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தா காட்டியே ஆகணும்.

நரம்பு உறை கட்டி எப்படி இருக்கும்னா, மெதுவா வளரும், வருஷக் கணக்குல கூட எடுத்துக்கும், வழவழன்னு உருண்டையா, தொட்டா ரப்பர் மாதிரி, லேசா நகர்ந்து கொடுக்கும், மேல தோல் நல்லா இருக்கும், பெரும்பாலும் வலி இருக்காது. ஆனா இதே மாதிரியே தோணுற வேற கட்டிங்களும் இருக்கு. கன்னத்தை அடிக்கடி கடிச்சுக்கிட்டா வர்ற நார் கட்டி, கீழ் உதட்டுல நீலமா தண்ணி கோத்துக்கிட்டு உடைஞ்சு உடைஞ்சு வர்ற எச்சில் கட்டி, கொழுப்புக் கட்டி, ரத்தக்குழாய் கட்டி. மேலண்ணத்துல ஒரு பக்கமா வர்ற கட்டி எச்சில் சுரப்பியிலேர்ந்து வந்ததா இருக்கலாம், அதுல சிலது நல்லதே இல்ல. இதையெல்லாம் கண்ணால பாத்து பிரிக்க டாக்டராலயே முழுசா முடியாது, நம்மளால எப்படி முடியும். அதனால "வலிக்கல, அப்ப ஒண்ணும் இல்ல"ன்னு விட்டுறாதீங்க. பாட்டி அப்படித்தான் விட்டாங்க.

ஆறாத புண், தேய்ச்சா போகாத வெள்ளைத் திட்டு இல்ல சிவப்புத் திட்டு, கட்டி ஓரம் கல்லு மாதிரி கெட்டியா ஒட்டிக்கிட்டு நகராம இருக்கறது, ரத்தம் கசியறது, உதடோ நாக்கோ மரத்துப் போறது, பல்லு காரணம் இல்லாம ஆடுறது, வாய் முன்ன மாதிரி திறக்க முடியாம போறது, கழுத்துல நெறி கட்டினது, வாரத்துக்கு வாரம் பெருசாகுறது. இதுல ஒண்ணு இருந்தாலும் நாள் பாக்காம போங்க. ஒண்ணுமே இல்லாட்டியும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குற எந்த உருண்டையையும் புண்ணையும் பல் டாக்டர் கிட்ட காட்டிடணும், அந்த ரெண்டு வாரக் கணக்கை மறக்காதீங்க. வெத்தலை பாக்கு போடுறவங்க, சிகரெட் பிடிக்கிறவங்க, தண்ணி அடிக்கிறவங்க இன்னும் சீக்கிரம். வெத்தலையில புகையிலை சேர்க்காட்டி ஆபத்து இல்லன்னு நம்ம தோட்டத்துப் பெரியவங்க இன்னமும் நம்புறாங்க, ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல வெளியிட்ட அறிக்கையில புகையிலை சேர்க்காத வெத்தலை பாக்கே கேன்சர் வரவைக்கும்னு தெளிவா சொல்லிட்டாங்க. மலேசியாவுல வாய் கேன்சர் நம்ம இந்தியர்களுக்குத்தான் கணக்குக்கு மீறி வருது, அதனால இதை நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன்.

எங்க போறதுங்கறதுலதான் நாங்க தப்பு பண்ணோம். வேலை முடிஞ்சு போக வசதியா இருக்குன்னு வீட்டுப் பக்கத்துல ஒரு தனியார் கிளினிக்குக்கு போனோம். அரை நிமிஷம் பாத்துட்டு "அல்சர்"னு சொல்லி தடவுற ஜெல் கொடுத்தாங்க. புண்ணே இல்லாத இடத்துக்கு புண்ணு மருந்து, நாங்களும் எதிர்த்துக் கேக்காம ரெண்டு மாசம் தடவினோம். ஒருத்தர் சொன்ன மருந்துல ரெண்டு வாரத்துல மாற்றம் இல்லன்னா அங்கேயே திரும்பப் போய் "இது என்ன கட்டின்னு நினைக்கிறீங்க, ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதிக் கொடுங்க"ன்னு நேராக் கேளுங்க. கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல.

சரியான வழி என்னன்னா அரசாங்க பல் கிளினிக், கிளினிக் பெர்கிகியான்னு போர்டு இருக்கும், குடிமக்களுக்கு பதிவு கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். ஐசி, அதாவது அடையாள அட்டை எடுத்துட்டு காலையிலயே போங்க. அங்க இருக்குற டாக்டர் பாத்துட்டு சூராட் ருஜுக்கான், அதாவது ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்புற கடிதம் எழுதித் தருவாங்க, அதை எடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரியில பெடா மூலுட்னு சொல்ற வாய் அறுவை சிகிச்சை பகுதிக்கு போகணும். மூக்கு காது தொண்டை பகுதியிலயும் நாக்கு கட்டியை பாப்பாங்க, ஆனா முதல்ல பல் வழியா போறது நேர் வழி. கோலாலம்பூர் பக்கம் இருக்கறவங்க மலாயா பல்கலைக்கழக பல் மருத்துவப் பீடத்துலயும் காட்டலாம். அப்பாய்ன்ட்மென்ட் தேதி தள்ளிப் போட்டுட்டாங்கன்னா மேல சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருக்கான்னு பாத்து, இருந்தா கவுன்ட்டர்ல வாயைத் திறந்து சொல்லுங்க, முன்னாடி தருவாங்க. அம்மா அந்த இடைவெளியில தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கிட்டாங்க, வேண்டிக்கோங்க, மனசுக்கு அது தேவை, ஆனா தேதியை மட்டும் தவற விடாதீங்க.

ஸ்பெஷலிஸ்ட் கிட்ட போகும்போது ஒரு தாள்ல எழுதிக்கிட்டு போங்க. எப்போ முதல்ல பாத்தது, வளர்ந்திருக்கா, அந்த இடத்துல எப்பவாவது கடிச்சுக்கிட்டது இல்ல பல் பிடுங்கினது உண்டா, என்ன மருந்து சாப்பிடறீங்க, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கா, எந்த மருந்துக்காவது அலர்ஜி உண்டா, குடும்பத்துல யாருக்காவது உடம்பெல்லாம் கட்டி இருக்கா, தைராய்டு கேன்சர் வந்திருக்கா. ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடறவங்க அதை தானா நிறுத்தக்கூடாது, டாக்டர்தான் சொல்லணும். கட்டி பெருசாவோ ஆழமாவோ இருந்தா எம்ஆர்ஐ எடுப்பாங்க, தாடை எலும்புக்குள்ள இருக்கும்னு சந்தேகம் வந்தா ஓபிஜின்னு முழு வாய் எக்ஸ்ரே. தம்பியோடது சின்னது, அதனால ஸ்கேன் எதுவும் இல்லாம நேரா முழுசா எடுத்துடலாம்னாங்க, எடுத்ததையே பரிசோதனைக்கு அனுப்பிடுவாங்க. பெரிய கட்டியா இருந்தா முதல்ல ஒரு துண்டு மட்டும் எடுத்து பாப்பாங்க. பயாப்சி பண்ணா கேன்சர் பரவிடும்னு நம்ம ஆளுங்க சொல்றதைக் கேட்டு பின்வாங்காதீங்க, பேரு தெரியாம சரியான வைத்தியமே ஆரம்பிக்க முடியாது.

இந்த இடத்துல டாக்டர் சொன்னதை தம்பி டக்குனு புரிஞ்சுக்கிட்டான், ஏன்னா அவன் வயர்மேன். நரம்பை ஒரு வயர்னு வெச்சுக்கோங்க, அதைச் சுத்தி ரப்பர் உறை மாதிரி இருக்குறது ஷ்வான் செல். அந்த உறை ஒரு இடத்துல தடிச்சு உருண்டையாகி வயரை ஓரமாத் தள்ளிட்டு வளர்ந்தா அது ஷ்வானோமா, சுத்தி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கும், அதனால பெரும்பாலும் நரம்பைக் காப்பாத்திட்டு கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துடலாம். நியூரோஃபைப்ரோமாங்கறது வேற, அதுல வயரோட இழைங்க கட்டிக்குள்ளயே பூந்து போகும், பை கிடையாது, அதனால பிரிச்செடுக்கறது கஷ்டம். மூணாவது ட்ராமாட்டிக் நியூரோமா, அது உண்மையில கட்டியே இல்ல, அறுந்த நரம்பு திரும்ப ஒட்டப் பாத்து வழி தெரியாம முடிச்சு போட்டுக்கிட்டது. பல் பிடுங்கின இடம், பொய்ப்பல் அழுத்துற கீழ்த்தாடை, கடிபட்ட உதடு இங்கெல்லாம் வரும், சில பேருக்கு அழுத்துனா கரண்ட் அடிச்ச மாதிரி வலிக்கும். ஷ்வானோமாவுல 25-லேர்ந்து 45 சதவீதம் தலை, கழுத்துப் பகுதியிலதான் வருதாம், ஆனா வாய்க்குள்ள வர்றது சுமார் 1 சதவீதம்தான், அப்படி வந்தா அதுல நாக்குதான் முதல் இடம். அதனால முதல்ல பாத்த கிளினிக் டாக்டருக்கு உடனே ஞாபகம் வராததுல ஆச்சரியம் இல்ல, ஆனா அதுக்காக பாக்காம ஜெல் கொடுக்கறதை நான் ஏத்துக்க மாட்டேன்.

எடுக்கற அன்னைக்கு, மரக்க வெச்சு பண்றதா இருந்தா சாப்பிட்டுட்டு போகச் சொல்லுவாங்க. முழு மயக்கம்னா வெறும் வயிறு, எதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. தம்பிக்கு ஊசி போடும்போது மட்டும் கண்ணுல தண்ணி, அப்புறம் இழுக்கறது மட்டும் தெரிஞ்சுதாம், மொத்தம் அரை மணி நேரம். வெளிய வந்து ஒரு சின்ன பாட்டிலைக் காமிச்சாங்க, பார்மலின் தண்ணிக்குள்ள வெள்ளையும் மஞ்சளுமா ஒரு சின்ன உருண்டை, தோல் உரிச்ச கச்சான் கொட்டை மாதிரி. அந்த பாட்டில்ல ஒட்டியிருக்குற பேரும் ஐசி நம்பரும் சரியா இருக்கான்னு ஒருவாட்டி நீங்களும் படிச்சு பாருங்க, நாங்க பாத்தோம்.

அப்புறம் வீட்டுல. மரப்பு போற வரைக்கும் சாப்பிடக் கூடாது, தெரியாம நாக்கைக் கடிச்சுக்குவாங்க. கொடுத்த துணியை கடிச்சு அழுத்தி வெச்சுக்கணும், 24 மணி நேரத்துக்கு வாயைக் கொப்பளிக்காம, துப்பிக்கிட்டே இருக்காம இருந்தா ரத்தக்கட்டி கலையாது. மறுநாளிலேர்ந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணி, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும். ஆறிப்போன கஞ்சி, தயிர் சாதம், ஐஸ் போட்ட மைலோ, இதுதான் முதல் மூணு நாளு. நாசி கண்டார் குழம்பும் சம்பலும் ஒரு வாரத்துக்கு பக்கத்துல வராம பாத்துக்கோங்க, நம்ம பினாங்குல அது பெரிய சோதனை. சிகரெட், வெத்தலை, சாராயம் எதுவும் வேணாம். தையல் தானா கரையறதா, ஒரு வாரத்துல பிரிக்கணுமா கேட்டுக்கோங்க. எம்சியும் (வேலைக்கு லீவு எடுக்க டாக்டர் தர்ற சீட்டு) அப்பவே கேட்டு வாங்கிடுங்க, தம்பி பேச்சு ஒரு வாரம் கொழகொழன்னு இருந்துச்சு, சைட்ல வாக்கி டாக்கியில பேசுற வேலைக்கு அவனால போயிருக்கவே முடியாது. ரத்தம் நிக்காம வந்தாலோ, நாக்கு வீங்கி மூச்சு விடவோ முழுங்கவோ கஷ்டமானாலோ, காய்ச்சல் வந்தாலோ எமர்ஜென்சிக்கு ஓடணும். நாக்கு நுனியில கொஞ்ச இடம் மரத்த மாதிரி, கூசுற மாதிரி இருக்கறது சில பேருக்கு வரும், பெரும்பாலும் வாரம் மாசம்னு குறைஞ்சுடும், தம்பிக்கு ஆறு வாரம் இருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயம், ரிசல்ட். ரெண்டு வாரம்னு சொல்லுவாங்க, கூடுதல் சாயம் போட்டு பாக்கணும்னா இன்னும் இழுக்கும், லேட் ஆனாலே கேன்சர்னு அர்த்தம் இல்ல. போன்ல "நெகட்டிவ்"னு சொன்னா அதோட விட்டுறாதீங்க, நேர்ல போய் தாளோட ஒரு காப்பி வாங்குங்க. அதுல ஷ்வானோமான்னு இருக்கலாம், நியூரிலெம்மோமான்னு இருக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான். ஆன்டோனி ஏ, ஆன்டோனி பி, வெரோகே பாடின்னு இருந்தா பயப்படாதீங்க, செல்லுங்க நெருக்கமா அடுக்கியிருக்குற பகுதி, தளர்வா இருக்குற பகுதி, வரிசை கட்டி நிக்கற இடம், அவ்வளவுதான், கண்டுபிடிச்சவங்க பேரு அது, வெரோகே 1910-லயே எழுதி வெச்சது. எஸ்-100 பாசிட்டிவ்னு பாத்துட்டு எங்கம்மா அழுதாங்க, பாசிட்டிவ்னா கெட்டதுன்னு நினைச்சு. அது நரம்பு உறை செல்தான்னு காட்டுற சாயம், வீட்டுல பெரியவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஏன்ஷியன்ட்னு ஒரு வார்த்தை இருந்தா ரொம்ப நாள் இருந்து பழசாகிப் போன கட்டின்னு அர்த்தம், மைக்ராஸ்கோப்புல கொஞ்சம் கோணல் மாணலா தெரியும், ஆனா சாதுதான்.

கிரானுலர் செல் டியூமர்னு வந்தா, அதுவும் ஷ்வான் செல் குடும்பம்தான், நாக்கு மேல்பக்கம்தான் அதுக்குப் பிடிச்ச இடம். அதுல ஒரு சிக்கல் இருக்கு, கட்டிக்கு மேல இருக்குற தோல் தடிச்சு உள்நோக்கி வளர்றதால மேலோட்டமா சின்னத் துண்டு எடுத்தா கேன்சர் மாதிரியே தெரியும். அதனால நாக்கு மேல்பக்கத்து கட்டிக்கு கேன்சர்னு ரிப்போர்ட் வந்து, பெரிய ஆபரேஷன் சொன்னாங்கன்னா, வாய் நோய்க்கூறு ஸ்பெஷலிஸ்ட் அந்த ஸ்லைடை பாத்தாங்களான்னு கேளுங்க. ஆனா இதைச் சாக்கா வெச்சு ஆபரேஷனை தள்ளிப் போடாதீங்க, கேள்வியும் தேதியும் ஒண்ணா நடக்கட்டும்.

எல்லா ரிப்போர்ட்லயும் கட்டி முழுசா எடுத்தாச்சா, ஓரத்துல மிச்சம் இருக்கான்னு ஒரு வரி இருக்கும், அதைக் காமிச்சு கேளுங்க. ஷ்வானோமாவை முழுசா எடுத்துட்டா திரும்ப வர்றது அபூர்வம், கெட்டதா மாறறது அதைவிட அபூர்வம்.

நியூரோஃபைப்ரோமான்னு வந்தா மட்டும் வேலை வாயோட முடியாது, உடம்பு முழுக்கப் பாக்கணும். ஒத்தைக் கட்டியாவும் வரலாம், இல்ல நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1-ங்கற பிறவிக் குறைபாட்டோட சேர்ந்தும் வரலாம், அது சுமார் 3000 பேருல ஒருத்தருக்கு இருக்கு. பாதிப் பேருக்கு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம புதுசாவே வருது, அதனால யாரு வழியில வந்துச்சுன்னு குடும்பத்துல சண்டை போட்டுக்காதீங்க. பால் கலந்த கோப்பி கலர்ல மச்சம் இருக்கான்னு பாருங்க, ஆறோ அதுக்கு மேலயோ, வயசுக்கு வராத பிள்ளைங்கன்னா ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டருக்கு மேல, பெரியவங்கன்னா 15 மில்லிமீட்டருக்கு மேல. அக்குள்லயும் தொடை இடுக்குலயும் புள்ளி புள்ளியா இருக்கான்னும் பாருங்க. நம்ம வீடுகள்ல அதிர்ஷ்ட மச்சம்னு சொல்லி சந்தோஷப்படுவாங்க, ஒண்ணு ரெண்டு இருந்தா பரவாயில்ல, ஆறு இருந்தா டாக்டர் கிட்ட சொல்லியே ஆகணும். இந்தக் குறைபாடு இருக்கறவங்களுக்கு பழைய கட்டி ஒண்ணு திடீர்னு பெருசானா, வலிக்க ஆரம்பிச்சா உடனே காட்டணும், அவங்களுக்கு மட்டும் கெட்டதா மாறுற வாய்ப்பு நிஜமாவே இருக்கு.

குழந்தைங்க விஷயம் இன்னும் அவசரம். பிள்ளையோட நாக்கு நுனியிலயும் உதட்டுலயும் சின்னச் சின்னதா நிறைய மொட்டுங்க, தடிச்ச உதடு, கண் இமை ஓரத்துலயும் மேடு, பொறந்ததுலேர்ந்தே மலச்சிக்கல், ஒல்லியா நீளமா கை கால், இப்படி சேர்ந்து இருந்தா மென் 2பி (MEN 2B)-ங்கற பிறவிக் குறைபாடா இருக்கலாம். வாயில இருக்குற மொட்டுங்க ஒண்ணும் செய்யாது, ஆனா அந்தப் பிள்ளைக்கு தைராய்டு கேன்சர் சின்ன வயசுலயே வரும், ரெட்-ங்கற மரபணுவை ரத்தத்துல சோதிச்சு, இருந்தா தைராய்டை முன்கூட்டியே எடுத்துடுவாங்க. வாயைப் பாத்து கண்டுபிடிச்சு உயிரைக் காப்பாத்தக்கூடிய ஒரு நோய் இது, "உதடு தாத்தா மாதிரி தடிப்பு"ன்னு கொஞ்சிட்டு விட்டுறாதீங்க.

தம்பிக்கு ஒரு மாசத்துல, அப்புறம் ஆறு மாசத்துல, அப்புறம் ஒரு வருஷத்துல வரச் சொன்னாங்க. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்புல போட்டு வெச்சிருக்கேன், ஒரிஜினல் அம்மாவோட பிறப்புப் பத்திர பைல்ல இருக்கு, பின்னால வேற எந்த டாக்டர் கிட்ட போனாலும் அதைத்தான் முதல்ல நீட்டணும். தழும்பு இருக்குற இடத்தை மாசத்துக்கு ஒருவாட்டி அதே ஜன்னல் பக்கத்துல, அதே ரூலரை வெச்சு நான் பாக்குறேன், அவன் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறான், முடிஞ்சதும் அம்மாவையும் உக்கார வெச்சு அவங்க வாயையும் பாத்துடறேன்.